விட்டுப்போன வாசிப்புப் பழக்கத்தை மீட்டெடுப்பது எப்படி? ஒரு விளக்கம்

புது தில்லி: பள்ளிப் பருவத்தில் ஒரே இரவில் ஒரு நாவலைப் படித்து முடித்தவர்கள் பலர், நாற்பது வயதில் பத்துப் பக்கங்களைத் தாண்ட இயலாமல் புத்தகத்தை மூடிவிடுகின்றனர். புத்தகக் கண்காட்சியில் ஆவலோடு வாங்கிய நூல்கள் பிரிக்கப்படாமலே அலமாரியில் தங்கிவிடுகின்றன. ‘நேரமில்லை’ என்பதே இதற்குப் பெரும்பாலும் கூறப்படும் காரணம். ஆனால், கைப்பேசியின் திரை நாள்தோறும் எத்தனை மணி நேரம் இயங்கியது என்ற கணக்கு பலருக்கும் வேறு கதையைச் சொல்கிறது.

இன்பத்துக்காகப் படிக்கும் பழக்கம் ஏன் விட்டுப்போகிறது, அதனை மீட்க முடியுமா, அதற்கு நாட்டில் என்னென்ன வாய்ப்புகள் உள்ளன என்பன குறித்த விளக்கம் வருமாறு.

பழக்கம் உண்மையிலேயே குறைகிறதா?

அமெரிக்காவில் 2003 முதல் 2023 வரை 2 லட்சத்து 36 ஆயிரத்துக்கும் மேற்பட்டோரிடம் திரட்டப்பட்ட நேரப் பயன்பாட்டுத் தரவுகளை ஆராய்ந்த ஆய்வு ஒன்று 2025-ஆம் ஆண்டு வெளியானது. இன்பத்துக்காக ஒரு நாளில் சிறிது நேரமேனும் படித்தவர்களின் விகிதம் 2004-இல் 28 சதவீதமாக இருந்தது. 2023-இல் அது 16 சதவீதமாகக் குறைந்துவிட்டது என அந்த ஆய்வு தெரிவித்தது. இதில் அச்சு நூல்கள் மட்டுமன்றி இதழ்கள், மின்னூல்கள், ஒலிநூல்கள் ஆகியவையும் கணக்கில் கொள்ளப்பட்டன.

இந்தியாவில் புத்தகங்கள் மீதான ஈர்ப்பு குறைந்துவிட்டதாகக் கூற இயலாது. 1972-இல் தொடங்கிய புது தில்லி உலகப் புத்தகக் கண்காட்சிக்கும், 1976-இல் தொடங்கிய கொல்கத்தா புத்தகக் கண்காட்சிக்கும் இன்றும் பெருங்கூட்டம் திரள்கிறது. எனினும், புத்தகம் வாங்குவதும் படிப்பதும் ஒன்றல்ல.

இந்தியச் சூழலுக்கே உரிய மற்றொரு காரணமும் உண்டு. பள்ளித் தேர்வு, நுழைவுத் தேர்வு, வேலைக்கான போட்டித் தேர்வு என வாழ்வின் முதல் 25 ஆண்டுகள் வாசிப்பு என்பது மதிப்பெண்ணுக்கான உழைப்பாகவே அமைகிறது. தேர்வுகள் முடிந்ததும் புத்தகத்தை மூடிவைப்பதே விடுதலையாகத் தோன்றுகிறது. இதனால், பயன் எதையும் எதிர்பாராமல் ஒரு கதையைப் படிப்பது நேரத்தை வீணடிப்பது என்ற குற்றவுணர்வும் பலரிடம் ஏற்பட்டுவிடுகிறது.

கவனம் எங்கே போகிறது?

நீண்ட நேரம் படிக்க இயலாமைக்குச் சோம்பல் மட்டுமே காரணம் அன்று. மனிதர்கள் கணினித் திரையில் ஒரே பக்கத்தில் எவ்வளவு நேரம் கவனம் செலுத்துகின்றனர் என்பதைக் கலிபோர்னியா பல்கலைக்கழகப் பேராசிரியர் குளோரியா மார்க் நீண்ட காலமாக அளவிட்டு வருகிறார். 2004-ஆம் ஆண்டு வாக்கில் சராசரியாக இரண்டரை நிமிடங்களாக இருந்த அந்த நேரம், பிந்தைய ஆண்டுகளின் அளவீடுகளில் 47 விநாடிகளாகக் குறைந்தது.

ஒரு நிமிடத்துக்கும் குறைவான நேரத்தில் அடுத்ததற்குத் தாவிப் பழகிய மனம், மெதுவாக விரியும் ஒரு நாவலின் முதல் அத்தியாயத்தில் பொறுமை இழப்பதில் வியப்பில்லை. வாசிப்பை விட்டவர்கள் தங்களைக் குறைவாக மதிப்பிட்டுக்கொள்ள வேண்டியதில்லை என்பதே இதன் பொருள். மனம் பழகியது ஒன்று. புத்தகம் கேட்பது வேறொன்று.

நிபுணருக்கே நேர்ந்த அனுபவம்

வாசிப்பின்போது மூளை இயங்கும் விதத்தை ஆராயும் அமெரிக்க அறிஞர் மேரியன் உல்ஃப், இந்தச் சிக்கல் தமக்கே நேர்ந்ததை 2018-இல் வெளியான தமது நூலில் பதிவு செய்துள்ளார். இளமையில் தாம் பெரிதும் விரும்பிய ஹெர்மன் ஹெஸ்ஸேயின் நாவல் ஒன்றை அவர் மீண்டும் எடுத்தபோது, அதனைத் தொடர்ந்து படிக்க இயலவில்லை. நடை மிக மெதுவானதாகவும் அடர்த்தியானதாகவும் தோன்றியது. நாள் முழுவதும் திரையில் விரைந்து மேய்ந்து படித்த பழக்கம், தமது ஆழ்ந்த வாசிப்பைப் பாதித்துவிட்டதை அவர் உணர்ந்தார்.

பின்னர் அவர் நாள்தோறும் 20 நிமிடங்கள் மட்டும் அதே நாவலுக்கென ஒதுக்கினார். ஏறக்குறைய இரண்டு வாரங்களில் பழைய வாசிப்பு வேகமும் ஈடுபாடும் திரும்பின. இழந்த திறன் அழிந்துவிடுவதில்லை, பயிற்சியால் மீளக்கூடியது என்பதற்கு இது ஓர் எடுத்துக்காட்டு.

எனினும், அனைவருக்கும் இரண்டு வாரங்கள் போதும் எனக் கொள்ள இயலாது. புதிய பழக்கம் ஒன்று தானாகவே நிகழும் நிலையை அடைய எவ்வளவு காலம் ஆகும் என்பதை லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரி ஆய்வாளர்கள் 96 பேரிடம் ஆராய்ந்தனர். சராசரியாக 66 நாட்கள் ஆகும் எனத் தெரியவந்தது. ஆனால், ஆளுக்கு ஆள் அது 18 நாட்கள் முதல் 254 நாட்கள் வரை வேறுபட்டது. இடையில் ஒரு நாள் விட்டுப்போனால் பெரிய பாதிப்பு ஏற்படவில்லை என்பதும் அந்த ஆய்வின் முக்கியக் கண்டறிதல்.

ஏற்கெனவே நாள்தோறும் தவறாமல் செய்யும் ஒரு செயலோடு வாசிப்பை இணைப்பது இதற்கு உதவும். காலைத் தேநீருக்குப் பின், மெட்ரோ அல்லது மின்சார ரயில் பயணத்தின்போது, உறங்கச் செல்லும் முன் என ஏதேனும் ஒரு வேளையை நிலையாக வைத்துக்கொள்ளலாம். அந்த 20 நிமிடங்களுக்குக் கைப்பேசியை வேறு அறையில் வைப்பது நல்லது. ‘ஆண்டுக்கு 50 நூல்கள்’ போன்ற இலக்குகள் வாசிப்பை மீண்டும் தேர்வாக மாற்றிவிடக்கூடும்.

எந்த நூலில் தொடங்குவது?

மீண்டும் தொடங்குபவர்களில் பலர், நெடுநாளாகப் படிக்க எண்ணிய பெரிய நூலையே முதலில் எடுக்கின்றனர்; சில பக்கங்களிலேயே சோர்ந்து நிறுத்திவிடுகின்றனர். மாறாக, ஒரே அமர்வில் முடியும் சிறுகதை, முன்பே படித்து மகிழ்ந்த நாவல், துப்பறியும் கதை, பயண நூல் போன்றவை தொடக்கத்துக்கு ஏற்றவை. சிறார் நூலில் தொடங்குவதிலும் தவறில்லை.

பிடிக்காத நூலைப் பாதியில் நிறுத்துவதும் வாசகரின் உரிமையே. பிரெஞ்சு எழுத்தாளர் டேனியல் பென்னாக் 1992-இல் வெளியிட்ட நூலில் வாசகருக்குரிய பத்து உரிமைகளை வரிசைப்படுத்தியபோது, பக்கங்களைத் தாண்டிச் செல்வதையும், நூலை முடிக்காமல் விடுவதையும், படித்ததையே மீண்டும் படிப்பதையும் அவற்றுள் சேர்த்தார்.

சீர்காழியில் பிறந்து, இந்திய நூலகவியலின் தந்தை எனப் போற்றப்படும் எஸ்.ஆர். ரங்கநாதன் 1931-இல் வகுத்த ஐந்து விதிகளின் மையக் கருத்தும் இதற்கு நெருக்கமானதே. ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய நூல் உண்டு என்பதை அவர் வலியுறுத்தினார். ஒரு நூல் பிடிக்கவில்லையெனில், வாசிப்பே தமக்கு ஒத்துவராது என முடிவு செய்யாமல் அடுத்த நூலைத் தேடுவதே முறை.

அச்சு நூலா, திரையா?

இரண்டுக்கும் இடமுண்டு என்கின்றன ஆய்வுகள். 2000 முதல் 2017 வரை வெளியான 54 ஆய்வுகளைத் தொகுத்து 2018-இல் வெளியிடப்பட்ட பகுப்பாய்வு, தகவல் சார்ந்த உரைகளைத் தாளில் படிப்போர் திரையில் படிப்போரைவிட நன்கு புரிந்துகொள்வதாகக் கண்டது. ஆனால், கதைகளைப் பொறுத்தவரை அத்தகைய வேறுபாடு தென்படவில்லை.

ஆகவே, ஒரு நாவலைக் கைப்பேசியிலோ மின்னூல் கருவியிலோ படிப்பதில் தடையில்லை. அறிவிப்புகளை நிறுத்திவைப்பது மட்டும் அவசியம்.

நாடெங்கும் நடக்கும் முயற்சிகள்

தனியாகத் தொடர இயலாதோருக்குக் கூட்டு வாசிப்பு கைகொடுக்கிறது. பெங்களூருவின் கப்பன் பூங்காவில் சனிக்கிழமை காலைகளில் மக்கள் புத்தகத்துடன் வந்து மர நிழலில் அமர்ந்து மௌனமாகப் படிக்கின்றனர். உரையோ, விவாதமோ, கட்டணமோ இல்லை. இதனைப் பின்பற்றித் தில்லியின் லோதி பூங்கா, மும்பையின் ஜுஹு உள்ளிட்ட இடங்களிலும் இத்தகைய குழுக்கள் உருவாகின.

மகாராஷ்டிரத்தின் சதாரா மாவட்டத்தில், பஞ்சகனிக்கும் மகாபலேஷ்வருக்கும் இடையே உள்ள பிலார், ஸ்ட்ராபெரி விளையும் சிற்றூர். 2017-ஆம் ஆண்டு மே மாதம் மாநில அரசு இதனைப் ‘புத்தகங்களின் கிராமம்’ ஆக்கியது. வீடுகள், கோயில்கள், பள்ளி என 25 இடங்களில் சுமார் 15,000 மராத்தி நூல்கள் வைக்கப்பட்டன. வருவோர் எந்த வீட்டிலும் அமர்ந்து கட்டணமின்றிப் படிக்கலாம்.

கேரளத்தில் இந்த இயக்கத்துக்கு நீண்ட வரலாறு உண்டு. பி.என். பணிக்கர் 1945-இல் 47 ஊர் நூலகங்களை ஒன்றிணைத்துத் திருவிதாங்கூர் நூலகச் சங்கத்தை உருவாக்கினார். அவரது நினைவு நாளான ஜூன் 19, 1996 முதல் அம்மாநிலத்தில் வாசிப்பு தினமாகக் கடைப்பிடிக்கப்படுகிறது.

செலவின்றிப் படிக்க

நூல்களின் விலை தடையாக இருப்போருக்குப் பொது நூலகங்களே முதல் வழி. யுனெஸ்கோ உதவியுடன் 1951-இல் தொடங்கப்பட்ட தில்லி பொது நூலகம் முதல் சிற்றூர்க் கிளை நூலகங்கள் வரை குறைந்த செலவில் உறுப்பினராகலாம். தேசிய புத்தக அறக்கட்டளையின் ராஷ்ட்ரிய இ-புஸ்தகாலயா தளத்தில் சிறார்களுக்கும் வளரிளம் பருவத்தினருக்கும் உரிய நூல்கள் பல இந்திய மொழிகளில் இலவசமாகக் கிடைக்கின்றன. வெளிமாநிலங்களில் வாழும் தமிழர்கள், தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் நாட்டுடைமையாக்கப்பட்ட நூல்களைக் கட்டணமின்றிப் படிக்கலாம்.

ஏன் முக்கியம்?

பிறர் கூறுவதைக் குறுக்கிடாமல் இறுதிவரை கேட்பது, முன்பின் அறியாத ஒருவரின் வாழ்க்கையை அவர் நிலையிலிருந்து பார்ப்பது, உடனடித் தீர்ப்பு கூறாமல் காத்திருப்பது ஆகிய மூன்றையும் நீண்ட வாசிப்பு மனிதருக்குப் பழக்குகிறது. வீட்டில் பெரியவர்கள் கையில் எந்நேரமும் கைப்பேசியையே காணும் குழந்தையிடம் ‘புத்தகம் படி’ எனக் கூறுவதால் பயனில்லை.

தொடங்குவதற்குப் புத்தாண்டோ புத்தகத் திருவிழாவோ வர வேண்டியதில்லை. அலமாரியில் உள்ள மெல்லிய நூல் ஒன்றும், இன்றிரவு 20 நிமிடங்களும் போதுமானவை.