பாவாடை இல்லை... கில்ட்!

அக்குளில் ஒரு பையை இடுக்கிக்கொண்டு, கன்னம் உப்ப 'பேக்பைப்' ஊதும் ஸ்காட்லாந்துக்காரர் படத்தைப் பார்த்திருப்பீர்கள். இடுப்பிலிருந்து முழங்கால் வரை கட்டம் போட்ட ஓர் உடை தொங்கும். "ஐயே, இந்த மாமா பாவாடை கட்டியிருக்கார்!" என்று சிரித்திருக்கிறீர்களா? அவர் காதுபடச் சொல்லிவிடாதீர்கள். அதன் பெயர் 'கில்ட்'. அதை உடுத்தினால் பெரியவர், சிறுவர் என்று பார்க்காமல் ஜெயிலில் தள்ளலாம் என்று ஒரு காலத்தில் சட்டமே இருந்தது!

ஸ்காட்லாந்தின் வடக்கே, 'ஹைலாண்ட்ஸ்' என்கிற மலைப்பகுதி இருக்கிறது. எப்போதும் குளிர், நினைத்தால் மழை. நானூறு ஆண்டுகளுக்கு முன்பு அங்கே இருந்தவர்கள் கட்டியது தைத்த உடை அல்ல. நீளமான ஒரு கம்பளித் துணி, அவ்வளவுதான். அதைக் கட்டும் விதம்தான் வேடிக்கை. தரையில் பெல்ட்டை விரிப்பார்கள். அதன் மேல் துணியை விரித்து, கொசுவம் கொசுவமாக மடிப்பார்கள். பிறகு அதன் மேலேயே மல்லாந்து படுத்து, இரண்டு ஓரங்களையும் வயிற்றின் மேல் போர்த்தி, பெல்ட்டை இறுக்கிக்கொண்டு எழுந்திருப்பார்கள். இடுப்புக்கு மேலே மிஞ்சும் துணியைத் தோளில் போட்டு ஊக்கு குத்திக்கொள்வார்கள். பகலில் சட்டை, மழையில் தலைக்கு முக்காடு, ராத்திரி போர்வை! எல்லாம் ஒரே துணி.

பதினெட்டாம் நூற்றாண்டில் மேல் பாதி போய், கீழ் பாதி மட்டும் தனி உடையானது. அப்படி வெட்டச் சொன்னவர் தாமஸ் ராலின்சன் என்ற ஆங்கிலேய இரும்பாலை முதலாளி என்று ஒரு கதை உண்டு. "எங்கள் உடையை ஒரு இங்கிலாந்துக்காரனா கண்டுபிடித்தான்?" என்று இன்றும் சண்டைக்கு வருகிறவர்கள் இருக்கிறார்கள்!

1745-ல் பிரிட்டன் அரசர் இரண்டாம் ஜார்ஜை எதிர்த்து இளவரசர் சார்லஸ் எட்வர்ட் ஸ்டூவர்ட் படை திரட்டினார். மலைநாட்டு மக்கள் பலர் அவர் பக்கம் சேர்ந்தார்கள். 1746 ஏப்ரலில் கலோடன் என்ற இடத்தில் நடந்த போரில் அந்தப் படை தோற்றது. வென்றவர்கள் ஆயுதங்களைப் பிடுங்கியதோடு நிற்கவில்லை, உடையையும் பிடுங்கினார்கள். ஸ்காட்லாந்தில் எந்த ஆணும், எந்தச் சிறுவனும் மலைநாட்டு உடை அணியக்கூடாது என்று சட்டம் போட்டார்கள். முதல் தடவை பிடிபட்டால் 6 மாதம் சிறை. மறுபடியும் பிடிபட்டால் 7 ஆண்டுகள் கடல் கடந்து நாடு கடத்தல். ஒரு துண்டு துணிக்கு இந்தத் தண்டனை!

தடை நீங்கியது 1782-ல். அதற்குள் ஒரு தலைமுறையே கில்ட் கட்டிப் பழகாமல் வளர்ந்துவிட்டது. பிறகு எப்படி அது அழியாமல் இருந்தது என்கிறீர்களா? அரசரின் படையில் சேர்ந்த மலைநாட்டு வீரர்களுக்கு மட்டும் அந்தச் சட்டத்தில் விலக்கு இருந்தது. தடை போட்ட அரசாங்கமே கில்ட்டைக் காப்பாற்றியும் வைத்தது!

1822-ல் நான்காம் ஜார்ஜ் எடின்பரோ நகருக்கு வந்தபோது, நாவலாசிரியர் சர் வால்டர் ஸ்காட் ஏற்பாடு செய்த விழாவில் அரசரே கில்ட் அணிந்து நின்றார். கால் தெரியாமல் இருக்க உள்ளே ரோஸ் கலரில் இறுக்கமான காலுறை வேறு! கார்ட்டூன் போடுகிறவர்களுக்குக் கொண்டாட்டம். ஆனால், அதன் பிறகு கில்ட் ஸ்காட்லாந்து முழுவதற்கும் பெருமையான உடை ஆகிவிட்டது.

சரி, உங்களுக்கே ஒரு கில்ட் எடுக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். முதலில் எந்தக் கட்டம்? இந்தக் கட்டத் துணிக்கு 'டார்டன்' என்று பெயர். "ஒவ்வொரு குலத்துக்கும் ஒரு டார்டன், ஆதிகாலம் முதல் அப்படித்தான்" என்று கடைக்காரர் அளப்பார். நம்பாதீர்கள். குலத்துக்கு ஒன்று என்று பட்டியல் போட்டதெல்லாம் பெரும்பாலும் பத்தொன்பதாம் நூற்றாண்டில்தான். குலப் பெயர் இல்லாதவர்கள் கரும்பச்சையும் கருநீலமும் கலந்த 'பிளாக் வாட்ச்' டார்டனைத் தயங்காமல் எடுக்கலாம். 'பால்மோரல்' டார்டன் மட்டும் கேட்காதீர்கள். அது விக்டோரியா மகாராணியின் கணவர் ஆல்பர்ட் வடிவமைத்தது. அரச குடும்பத்துக்கு உரியது. புதிதாக ஒரு கட்டத்தை நீங்களே வடிவமைத்தால், பதிவு செய்யவும் அரசாங்கப் பதிவேடு இருக்கிறது. 2009-ல் தொடங்கினார்கள்.

அடுத்தது துணி. பெரியவர்களுக்கான நல்ல கில்ட்டுக்கு 8 கெஜம் கம்பளித் துணி பிடிக்கும். மடிசார் புடவைக்கு ஒரு கெஜம்தான் குறைவு! இவ்வளவும் பின்பக்கத்தில் இருபதுக்கும் மேற்பட்ட கொசுவங்களாகப் போய்விடும். கைதேர்ந்த தையல்காரர் கொசுவம் வைத்த பிறகும், பின்னால் கட்டங்கள் கலையாமல் வரிசையாகத் தெரியும். டூரிஸ்ட் கடைகளில் அக்ரிலிக் துணியில் மலிவாகவும் கிடைக்கும். ஃபேன்சி டிரெஸ்ஸுக்கு அது போதும். ஆனால், நடக்கும்போது கொசுவம் ஆடுகிற அழகு கம்பளியில்தான் வரும். கல்யாணத்துக்கு ஒரு நாள் மட்டும் வேண்டும் என்றால், ஸ்காட்லாந்தில் பலர் வாடகைக்கு எடுத்துவிடுகிறார்கள். வளர்கிற பிள்ளைகளுக்கு அதுதான் புத்திசாலித்தனம்.

அளவு எடுக்கும்போது பேன்ட் சைஸைச் சொல்லிவிடாதீர்கள்! பேன்ட் இடுப்பெலும்புக்குப் பக்கத்தில் நிற்கும்; கில்ட் தொப்புள் உயரத்தில் நிற்க வேண்டும். கீழ் ஓரம் முழங்கால் சில்லின் நடுவிலோ, கொஞ்சம் மேலேயோ முடிய வேண்டும். சரியாக இருக்கிறதா என்று பார்க்க ஒரு சுலபமான வழி, முட்டி போட்டுப் பார்ப்பது. ஓரம் தரையில் மடங்கிக் கிடந்தால் நீளம் அதிகம்.

கட்டும்போது கொசுவம் பின்னால், தட்டையான பாகம் முன்னால். இதை மாற்றிக் கட்டினால் நீங்கள் புதுசு என்று ஊருக்கே தெரிந்துவிடும். முன்னால் இரண்டு மடிப்பு ஒன்றின் மேல் ஒன்றாக வரும். மேல் மடிப்பின் ஓரம் உங்கள் வலது பக்கம் இருக்க வேண்டும். அதன் கீழ் மூலையில் ஒரு பெரிய ஊக்கு குத்துவார்கள். மேல் மடிப்பில் மட்டும்தான் குத்த வேண்டும். இரண்டையும் சேர்த்துக் குத்தினால், உட்காரும்போது துணி இழுத்துக் கிழிந்துவிடும். உட்காரும் முன் பின்பக்கக் கொசுவங்களைக் கையால் நீவிவிட்டு உட்காருங்கள். உள்ளே ஒரு ஷார்ட்ஸ் போட்டுக்கொண்டால் ஓடலாம், ஆடலாம், பயமே இல்லை!

கில்ட்டுக்குப் பாக்கெட் கிடையாது. அதனால்தான் முன்னால் சங்கிலியில் 'ஸ்போரன்' என்ற பை தொங்குகிறது. சாதாரண நாளில் தோல் பை. விருந்து, விழா என்றால் ரோமம் வைத்த பை. காலில் முழங்கால் வரை கம்பளி சாக்ஸ். விழாக்களுக்குப் போடும் ஷூவில் நாக்கு இருக்காது. நீளமான லேஸைக் கணுக்காலைச் சுற்றிக் கட்டுவார்கள். சேற்று நிலத்தில் நடந்தால் ஷூவுக்குள் புகுந்த தண்ணீர் சீக்கிரம் காய வேண்டும் என்பதற்காக வந்த ஏற்பாடாம்.

"இத்தனை விதியா?" என்று மலைக்காதீர்கள். இப்போது 'கேஷுவல்' கில்ட்டும் இருக்கிறது. எடின்பரோவின் ஹோவி நிக்கல்ஸ்பி ஜீன்ஸ் துணியிலும் தோலிலும்கூட கில்ட் தைத்துக் காட்டினார். 2000-ல் அமெரிக்காவின் சியாட்டில் நகரில் தொடங்கிய 'யூட்டிலிகில்ட்ஸ்' நிறுவனம், கட்டமே இல்லாத பருத்தித் துணியில் பெரிய பெரிய பாக்கெட் வைத்துத் தைத்தது. இவற்றை டி-ஷர்ட்டோடும் பூட்ஸோடும் போடலாம். சாக்ஸைச் சுருட்டிக் கீழே இறக்கிவிட்டுக்கொள்ளலாம். கொசுவம் பின்னால் என்பது மட்டும் இதிலும் மாறாது.

2024 ஜூனில் யூரோ கால்பந்துப் போட்டியின் முதல் ஆட்டம் ஜெர்மனியின் மியூனிக் நகரில் நடந்தது. ஸ்காட்லாந்து ரசிகர்கள் நீல நிற டீம் பனியன், கீழே கில்ட், காலில் பூட்ஸ் என்று ஊரையே நிறைத்துவிட்டார்கள். ஆட்டத்தில் ஸ்காட்லாந்து 5-1 என்று தோற்றது. ரசிகர்களோ கில்ட் பறக்கத் தெருவில் பாடி ஆடித் தீர்த்தார்கள். டிக்கெட், பர்ஸ் எல்லாம் எங்கே வைத்திருந்தார்கள் என்கிறீர்களா? அதற்குத்தானே ஸ்போரன்!