தோற்றவரின் வாதத்தையும் எழுதி வைத்தவர்கள்

"சட்டம் படிக்கிறாய், யூதர்களின் நூலில் உனக்கென்ன வேலை?" என்று நண்பர்கள் கேட்பதுண்டு. தமிழ்ப்பள்ளியில் தொடங்கி, தேசிய இடைநிலைப்பள்ளி வழியாகச் சட்டத்துறைக்கு வந்தவன் நான். ஒரு கேள்விக்கு ஒரே விடை என்பதே என் பழக்கம். அதை அசைத்துப் பார்த்த நூல் தல்மூட்.

தல்மூட் என்பது யூதச் சமயச் சட்ட விவாதங்களின் பெருந்தொகுப்பு. ஏறக்குறைய கி.பி. 200இல் தொகுக்கப்பட்ட மிஷ்னாவே அதன் அடிப்படை. அச்சிட்ட பக்கத்தின் நடுவில் மூலம்; ஒருபுறம் 11ஆம் நூற்றாண்டில் பிரான்சில் வாழ்ந்த ராஷியின் உரை; மறுபுறம் அவருடைய பேரன்மாரும் பின்வந்தோரும் எழுதிய விளக்கங்கள், மறுப்புகள். பேரன் தாத்தாவை மறுக்கிறார். இருவருக்கும் ஒரே பக்கத்தில் இடமுண்டு!

இதை இருவர் இணைந்து, உரக்க வாதிட்டுப் படிப்பது மரபு. ஹவ்ரூத்தா என்பது அதன் பெயர். 1983இல் பார்ப்ரா ஸ்ட்ரைசாண்ட் இயக்கி நடித்த 'யெண்டில்' திரைப்படத்தில் இதைக் காணலாம். பெண்களுக்கு மறுக்கப்பட்ட இப்படிப்புக்காக ஓர் இளம்பெண் ஆண்வேடமிடும் கதை அது.

என்னைக் கவர்ந்தது மிஷ்னா எழுப்பும் ஒரு கேள்விதான். பெரும்பான்மையின் முடிவே சட்டமெனில், சிறுபான்மையின் கருத்தை ஏன் எழுதி வைக்க வேண்டும்? பின்னால் வரும் நீதிமன்றம் அதைச் சரியெனக் கண்டால், பற்றிக்கொள்ள ஆதாரம் வேண்டும் என்பது ஒரு விடை. ரபி யூதாவோ, அது தள்ளப்பட்ட கருத்து என்று பின்னவருக்குக் காட்டுவதற்காக என்கிறார். இந்தக் காரணத்திலும் கருத்து வேறுபாடு, இரண்டும் பதிவாகியுள்ளன.

சட்ட மாணவருக்கு உடனே நினைவுக்கு வருவது 1941ஆம் ஆண்டின் லிவர்சிட்ஜ் வழக்கு. போர்க்கால இங்கிலாந்தில் ஒருவரைத் தடுத்து வைத்த அமைச்சரின் காரணத்தை நீதிமன்றம் ஆராய முடியாது என்றனர் நான்கு நீதிபதிகள். ஆட்கின் பிரபு ஒருவரே மறுத்தார். 1969இல் நம் கூட்டரசு நீதிமன்றமும் கரம் சிங் வழக்கில் அந்த நால்வரின் வழியிலேயே சென்றது. ஆனால் 1979இல் ரோஸ்மின்ஸ்டர் வழக்கில், ஆட்கின் சொன்னதே சரி என்றார் டிப்லாக் பிரபு. ஆட்கினின் மறுப்பு ஏட்டில் இல்லாதிருந்தால், 38 ஆண்டுகளுக்குப் பின் எதைப் பற்றிக்கொள்வது?

நண்பர்களே, நம் சங்கக் கூட்டக் குறிப்பில் "தீர்மானம் ஏற்கப்பட்டது" என்று மட்டுமே எழுதுகிறோம். மறுத்தவர் சொன்ன காரணத்தையும் இரண்டு வரி எழுதி வைப்போமே! நமக்குப் பின் வரும் தம்பி தங்கையருக்கு அது தேவைப்படலாம்.