மிஸ்டர் கோல்ட் உங்கள் டப்பாவில் இருக்கிறாரா?

சின்னப் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் லெகோ கட்டைகளை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. ராத்திரி தண்ணீர் குடிக்க எழுந்து போகும்போது காலில் குத்துமே, அதேதான். ஒரு துண்டு தொலைந்தால் யாரும் தேடுவதில்லை. பெருக்கும்போது குப்பையோடு போய்விடும். ஆனால் அவற்றில் சில துண்டுகளை உலகம் முழுக்கத் தேடி, ஆயிரக்கணக்கில் பணம் கொடுத்து வாங்குகிறார்கள் என்றால் நம்புவீர்களா? எது அபூர்வம், எது சாதாரணம் என்று கண்டுபிடிக்க உங்கள் கம்ப்யூட்டரும் ஓர் இன்டர்நெட் இணைப்பும் போதும்.

முதலில் ஒரு தவறான எண்ணத்தை ஒதுக்கிவிடுவோம். பழையது என்பதால் மட்டும் மதிப்பு ஏறிவிடாது. மேலே குமிழ், உள்ளே குழாய் என்று நாம் இன்று பார்க்கும் கட்டைக்கு டென்மார்க்கின் பில்லுண்ட் ஊரில் உள்ள லெகோ நிறுவனம் 1958 ஜனவரியில் காப்புரிமைக்கு விண்ணப்பித்தது. எட்டுக் குமிழ் உள்ள சிவப்புக் கட்டை அன்றிலிருந்து இன்றுவரை வந்துகொண்டே இருக்கிறது. உங்களிடம் அது ஒரு கூடை இருந்தாலும் யாரும் வாசலில் வந்து நிற்கப் போவதில்லை.

அப்படியானால் அபூர்வம் எங்கிருந்து வருகிறது? அச்சும் நிறமும் சேரும் இடத்தில். ஒரே அச்சில் இருபது நிறங்களில் துண்டு வார்க்கலாம். அதில் பத்தொன்பது நிறங்கள் நூற்றுக்கணக்கான செட்களில் வந்திருக்கும். இருபதாவது நிறம் ஒரே ஒரு செட்டுக்காக, ஒரே ஒரு வருடம் வார்க்கப்பட்டிருக்கும். சேகரிப்பவர்கள் தேடுவது இந்த இருபதாவதைத்தான். சில நேரம் நிறமே நின்றுபோகும். 2004 வாக்கில் லெகோ தன் சாம்பல் நிறங்களையும் பழுப்பு நிறத்தையும் மாற்றியது. புதிய சாம்பலில் கொஞ்சம் நீலம் தட்டும். பழைய கோட்டை ஒன்றை அப்படியே மறுபடி கட்ட நினைப்பவருக்குப் புதிய சாம்பல் உதவாது, பக்கத்தில் வைத்தாலே தெரிந்துவிடும். எனவே பழைய சாம்பலைத் தேடித்தான் ஆக வேண்டும்.

ஆட்டின் கதை இன்னும் வேடிக்கையானது. 2011-ல் வந்த 'மில் வில்லேஜ் ரெய்ட்' என்ற செட்டில் ஒரு பிளாஸ்டிக் ஆடு இருந்தது. அதன் பிறகு ஆட்டைக் காணோம். ஆண்டுகள் போகப் போக விலை ஏறியது. முழு செட்டையும் விட்டுவிட்டு ஆட்டை மட்டும் கேட்டவர்கள் உண்டு. 2024-ல் 'மெடீவல் டவுன் ஸ்கொயர்' செட்டில் ஆடு புது வடிவில் திரும்பி வந்தது. பழைய ஆட்டைப் பெரிய விலைக்கு வாங்கி வைத்தவர்கள் அன்று என்ன நினைத்திருப்பார்களோ! நிறுவனம் நினைத்தால் அபூர்வத்தை ஒரே நாளில் சாதாரணமாக்கிவிடலாம் என்பதை முதலீடு என்று நினைத்து வாங்குபவர்கள் மறந்துவிடுகிறார்கள்.

நிறுவனமே எண்ணிச் செய்யும் அபூர்வமும் உண்டு. 2007-ல் 'ஸ்டார் வார்ஸ்' படத்தின் 30-வது ஆண்டுக்காகத் தங்க நிறப் பூச்சு கொடுத்த சி-3பிஓ பொம்மைகள் 10,000 செய்து, சில செட்களுக்குள் முன்னறிவிப்பில்லாமல் போட்டார்கள். 2013-ல் வந்தவர்தான் நம் மிஸ்டர் கோல்ட். தலையில் உயரமான தொப்பி, கையில் ஒரு கோல், உடம்பெல்லாம் பொன்னிறம். மொத்தம் 5,000 மட்டுமே. உள்ளே யார் என்று தெரியாத மூடிய பாக்கெட்டுகளில் உலகெங்கும் கலந்து அனுப்பினார்கள். கடைகளில் பாக்கெட்டை விரலால் தடவித் தடவிப் பார்த்தவர்கள் ஏராளம். இன்று இவர் ஆயிரம் டாலருக்கு மேலும் விலை போகிறார்.

எண்ணிக்கை அச்சிட்டுச் சொல்லாமலே அபூர்வமானதும் உண்டு. 2003-ல் வந்த 10123 எண் கொண்ட 'கிளவுட் சிட்டி' செட்டில் இருந்த போபா ஃபெட் பொம்மைக்குக் கையிலும் காலிலும் அச்சு வேலை இருந்தது. அதே பொம்மை வேறு செட்டில் வரவில்லை.

இவை எல்லாவற்றையும் விட எனக்குப் பிடித்தது ஒரு விபத்து. 1997 பிப்ரவரி 13 அன்று ராட்டர்டாமிலிருந்து நியூயார்க் சென்ற 'டோக்கியோ எக்ஸ்பிரஸ்' கப்பலை இங்கிலாந்தின் லேண்ட்ஸ் எண்ட் முனைக்கு அருகே ஒரு பெரிய அலை அடித்தது. 62 கன்டெய்னர்கள் கடலில் விழுந்தன. அதில் ஒன்றுக்குள் ஏறத்தாழ 48 லட்சம் லெகோ துண்டுகள். விதியைப் பாருங்கள், அவற்றில் பல கடல் சம்பந்தப்பட்டவை: நீந்துபவர் காலில் மாட்டும் துடுப்புகள் 4,18,000, மஞ்சள் உயிர்காப்புச் சட்டைகள் 26,600, கறுப்பு ஆக்டோபஸ்கள் 4,200. கார்ன்வால் கடற்கரைகளில் இவை இன்னமும் ஒதுங்குகின்றன. துடுப்பு கிடைத்தால் சிரித்துவிட்டுப் பையில் போட்டுக்கொள்வார்கள். ஆக்டோபஸ் கிடைத்தால் செய்தித்தாளில் வந்துவிடும். கடையில் விற்ற பல செட்களில் இருந்த அதே ஆக்டோபஸ்தான். கடல் கொடுத்தது என்பதுதான் வித்தியாசம்.

சரி, உங்கள் வீட்டு டப்பாவுக்கு வருவோம். கட்டையைத் திருப்பி உள்பக்கம் வெளிச்சத்தில் பாருங்கள். பெரும்பாலானவற்றில் சின்னதாக ஓர் எண் இருக்கும். எட்டுக் குமிழ் கட்டை என்றால் 3001. இது அச்சின் எண், நிறத்தைச் சொல்லாது. இனி பிரவுசரைத் திறந்து பிரிக்லிங்க் தளத்துக்குச் செல்லுங்கள். ஒரு ரசிகர் 2000-ல் பிரிக்பே என்ற பெயரில் தொடங்கிய சந்தை இது. 2019-ல் லெகோ நிறுவனமே வாங்கிக்கொண்டது. தேடும் கட்டத்தில் எண்ணை டைப் செய்து என்டர் தட்டவும். வரும் பக்கத்தில் உங்கள் துண்டின் நிறத்தைத் தேர்ந்தெடுங்கள். அந்த நிறத்தில் அது எந்தெந்த செட்களில் வந்தது என்ற பட்டியல் கிடைக்கும். பட்டியலில் ஒரே ஒரு செட் இருந்தால் நிமிர்ந்து உட்காருங்கள்.

அடுத்து 'பிரைஸ் கைடு' என்பதைக் கிளிக் செய்திடுங்கள். இங்கேதான் புதியவர்கள் ஏமாறுகிறார்கள். 'கரன்ட் ஐட்டம்ஸ் ஃபார் சேல்' என்பதன் கீழே இருப்பது விற்பவர்கள் கேட்கும் விலை. கேட்பதற்கு என்ன, யாரும் எவ்வளவும் கேட்கலாம். 'லாஸ்ட் 6 மன்த்ஸ் சேல்ஸ்' என்பதன் கீழே இருப்பதுதான் கடந்த ஆறு மாதத்தில் உண்மையில் கைமாறிய விலை. இரண்டிலும் புதியதற்கும் பயன்படுத்தியதற்கும் தனித்தனிக் கட்டங்கள் உண்டு. பிள்ளை கடித்த பல் தடம் இருந்தால் நீங்கள் பார்க்க வேண்டியது பயன்படுத்தியதன் கட்டத்தை.

வாங்கும் ஆசை வந்தால் ஒரு எச்சரிக்கை. சாதாரண பொம்மைக்குப் பொன்னிறப் பூச்சு கொடுத்து மிஸ்டர் கோல்ட் என்று விற்பவர்கள் இருக்கிறார்கள். விலை நம்ப முடியாத அளவுக்குக் குறைவாக இருந்தால் அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். பணம் அனுப்பும் முன் கிட்டத்தில் எடுத்த படங்களைக் கேட்டு வாங்குங்கள். விற்பவரைப் பற்றி முன்பு வாங்கியவர்கள் எழுதியதையும் படித்துவிடுங்கள்.

ஒருவேளை நிஜமான மிஸ்டர் கோல்டே உங்கள் டப்பாவில் கிடைத்துவிட்டால், பளபளக்க வேண்டும் என்று துணியால் தேய்த்துவிடாதீர்கள். அந்தப் பூச்சு தேய்ந்து போகக்கூடியது.