ஆனிக்கு 32, மார்கழிக்கு 29: காலண்டருக்குள் ஓர் ஈர்ப்புக் கதை

வீட்டுச் சுவரில் தொங்கும் தினசரி காலண்டரில் ஆங்கிலத் தேதிக்குப் பக்கத்திலேயே தமிழ்த் தேதியும் இருக்கும். நல்ல நாள் பார்க்கும்போது மட்டும்தான் நம் கண் அதன்மேல் போகும். ஒருமுறை ஆனி மாதத் தாள்களையும் மார்கழி மாதத் தாள்களையும் எண்ணிப் பாருங்கள். ஆனிக்குப் பெரும்பாலும் 32 நாள் இருக்கும். மார்கழிக்குப் பெரும்பாலும் 29 நாள்தான்.

ஆங்கில மாதங்களின் நாள் கணக்கு மனிதர்கள் வகுத்தது. பிப்ரவரிக்கு ஏன் 28 என்று கேட்டால் ரோமாபுரி வரலாற்றைப் புரட்ட வேண்டும். தமிழ் மாதத்தின் நீளத்தை வானம் வகுக்கிறது. சூரியன் ஒரு ராசிக்குள் நுழைவது மாதப் பிறப்பு. அடுத்த ராசிக்குள் நுழைந்தால் அடுத்த மாதம். வான வட்டத்தின் 360 பாகையும் 12 ராசிகளுக்குச் சமமாகப் பங்கிடப்பட்டிருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் 30 பாகை. பங்கு சமம் என்றால் கடக்கும் காலமும் சமமாகத்தானே இருக்க வேண்டும்? ஆனால், ஆனிக்குரிய மிதுன ராசியைக் கடக்கச் சூரியனுக்கு முப்பத்தொன்றரை நாளுக்குச் சற்று மேல் ஆகிறது. மார்கழிக்குரிய தனுசு ராசியைக் கடக்க இருபத்தொன்பதே கால் நாளுக்குச் சற்று மேல் போதும். பஞ்சாங்கம் கணித்த பழைய கணியர்கள் இந்தக் கால அளவுகளை நாழிகை, வினாடி வரை கணக்கிட்டு வைத்திருந்தார்கள்.

சூரியன் ராசி விட்டு ராசி நகர்வதாக நாம் காண்பது உண்மையில் பூமியின் நகர்வு. ஆகவே காலண்டர் நமக்குச் சொல்லும் செய்தி இது: பூமி மார்கழியில் விரைகிறது, ஆனியில் தளர்கிறது. இன்றைய அளவீடுகளும் அதையே சொல்கின்றன. ஜனவரி முதல் வாரத்தில் பூமி சூரியனுக்கு மிக அருகே, சுமார் 14.71 கோடி கி.மீ. தொலைவில் இருக்கிறது. அப்போது அதன் வேகம் நொடிக்கு 30.3 கி.மீ. ஜூலை முதல் வாரத்தில் தொலைவு சுமார் 15.21 கோடி கி.மீ.; வேகம் நொடிக்கு 29.3 கி.மீ. அருகே இருக்கும் மார்கழியில் நமக்கு ஏன் குளிர்கிறது என்று கேட்கலாம். பருவங்கள் பூமியின் அச்சுச் சாய்வால் வருபவை. இந்தச் சிறிய தொலைவு வித்தியாசத்துக்கு அதில் பெரிய பங்கில்லை.

இந்த வேக மாற்றம் ஏன்? அதைவிட அடிப்படையான கேள்வி: பூமியைச் சுற்ற வைப்பது எது?

எட்டுக் கலை

கோள்களின் பாதை வட்டத்தால் ஆனது என்று ஐரோப்பாவில் நெடுங்காலம் நம்பினார்கள். ஜெர்மானியக் கணித அறிஞர் யோகான்னஸ் கெப்ளரும் அப்படி நம்பித்தான் தொடங்கினார். வானியலாளர் டைக்கோ பிராகி தொலைநோக்கி இல்லாத காலத்தில் வெறும் கண்ணால் அளந்து குறித்திருந்த செவ்வாயின் இடங்களைக் கெப்ளர் வட்டப் பாதையில் பொருத்திப் பார்த்தார். கணக்கு 8 கலை (ஒரு கலை என்பது பாகையில் அறுபதில் ஒரு பங்கு) இடித்தது. முழு நிலவின் அகலத்தில் அது கால் பங்குதான். டைக்கோவின் அளவில் அந்த அளவுக்குப் பிழை வராது என்று கெப்ளர் உறுதியாக இருந்ததால், வட்டத்தையே கைவிட்டார். பாதை நீள்வட்டம், சூரியன் அதன் குவியம் ஒன்றில் இருக்கிறது, அருகே வரும்போது கோள் விரைகிறது என்ற முடிவுகளை 1609-ல் வெளியிட்டார்.

ஆனால், சூரியன் தான் சுழலும்போது கோள்களையும் தள்ளிக்கொண்டு போகிறது என்றே கெப்ளர் நினைத்தார். தள்ளுவதற்கு எதுவும் தேவையில்லை என்று காட்ட ஐசக் நியூட்டன் வர வேண்டியிருந்தது. 1684-ல் வானியலாளர் எட்மண்ட் ஹாலி கேம்பிரிட்ஜுக்குச் சென்று நியூட்டனிடம் ஒரு கேள்வி கேட்டார்: தொலைவின் வர்க்கத்துக்கு ஏற்பக் குறையும் ஈர்ப்பு இருந்தால் கோளின் பாதை எப்படி இருக்கும்? நீள்வட்டம் என்று பதில் வந்தது. அதன் நிரூபணமாக வளர்ந்த ‘பிரின்சிபியா’ 1687-ல் வெளிவந்தது. அச்சுச் செலவை ஹாலியே ஏற்றார்.

விழுதலும் விலகலும்

நியூட்டன் ஒரு மலையைக் கற்பனை செய்தார். அதன் உச்சியில் ஒரு பீரங்கி. குண்டை மெதுவாகச் சுட்டால் அருகில் விழும். வேகமாகச் சுட்டால் தொலைவில் விழும். எந்தப் பொருளும் முதல் நொடியில் 4.9 மீட்டர் கீழே விழும். பூமியோ உருண்டை; 7.9 கி.மீ. தூரத்துக்குள் அதன் தரை அதே 4.9 மீட்டர் வளைந்து கீழே போய்விடுகிறது. காற்றுத் தடை இல்லாமல் நொடிக்கு 7.9 கி.மீ. வேகத்தில் குண்டு பாய்ந்தால், அது எவ்வளவு விழுகிறதோ அவ்வளவு தரையும் விலகுகிறது. குண்டு விழுந்துகொண்டே இருக்கிறது. தரையைத் தொடுவதே இல்லை. இதுதான் சுற்றுப்பாதை.

இதே கணக்கைச் சூரியனுக்கும் பூமிக்கும் போட்டுப் பாருங்கள். பூமி ஒவ்வொரு நொடியும் சராசரியாக 29.8 கி.மீ. பக்கவாட்டில் ஓடுகிறது. அந்த ஒரு நொடியில் அது நேர்கோட்டிலிருந்து விலகிச் சூரியனை நோக்கி விழும் தூரம் 3 மில்லிமீட்டர். ஓர் அரிசியின் அகலம் இருக்கலாம். அந்த 3 மில்லிமீட்டர்தான் நொடிக்கு நொடி சேர்ந்து ஓர் ஆண்டாகிறது.

நம்மில் பலர் இதை வேறு மாதிரி மனப்பாடம் செய்திருக்கிறோம்: ஈர்ப்பு விசை உள்ளே இழுக்கிறது, மைய விலக்கு விசை வெளியே இழுக்கிறது, இரண்டும் சமமாவதால் பூமி சுற்றுகிறது. சூரியக் குடும்பத்துக்கு வெளியே நின்று பார்ப்பவருக்கு இந்த விளக்கம் பொருந்தாது. இரு விசைகள் ஒன்றையொன்று முழுதாக ஈடுகட்டினால் பூமி வளையவே வளையாது, நேர்கோட்டில் போய்விடும். பூமியின்மேல் செயல்படுவது சூரியனின் இழுப்பு மட்டுமே. அதற்கு ஈடு கொடுப்பவர் யாரும் இல்லாததால்தான் பாதை வளைகிறது.

மார்கழியின் அவசரத்துக்கும் காரணம் இந்த இழுப்புதான். ஊஞ்சல் கீழே இறங்கும்போது வேகம் கூடுகிறது, மேலே ஏறும்போது குறைகிறது. ஜூலையிலிருந்து ஜனவரி வரை பூமி சூரியனை நோக்கிச் சற்றே இறங்கி வேகம் சேர்க்கிறது. அந்த வேகமே அதைச் சூரியனைக் கடந்து மறுபடி விலக வைக்கிறது. விலகும்போது ஈர்ப்பு அதைப் பின்னுக்கு இழுக்க, ஆனி வரும்போது நடை தளர்கிறது.

விழ முடியாத தூரம்

பக்கவாட்டு வேகம் எங்கிருந்து வந்தது? சுமார் 460 கோடி ஆண்டுகளுக்கு முன் சூரியக் குடும்பம் உருவான வாயு, தூசி மேகம் மெல்லச் சுழன்றுகொண்டிருந்தது. அதன் பெரும்பகுதி நடுவில் திரண்டு சூரியனாயிற்று. இன்று சூரியக் குடும்பத்தின் நிறையில் 99.8 விழுக்காடு சூரியனிடம்தான். சுழற்சியைத் தக்கவைத்துக்கொண்ட மிச்சம் கோள்களாயிற்று. விண்வெளியில் உராய்வு அநேகமாக இல்லை என்பதால் அந்தப் பழைய வேகம் இன்றும் செலவாகவில்லை.

அந்த வேகத்தைத் தொலைப்பது எவ்வளவு கடினம் என்பதை நாசாவின் பார்க்கர் விண்கலம் காட்டியது. பூமியிலிருந்து கிளம்பும் எதுவும் பூமியின் நொடிக்கு 30 கி.மீ. ஓட்டத்தைச் சீதனமாகக் கொண்டுதான் கிளம்புகிறது. சூரியக் குடும்பத்தை விட்டே வெளியேற அத்துடன் இன்னும் சுமார் 12 கி.மீ. சேர்த்தால் போதும். சூரியனில் போய் விழ வேண்டுமானால் ஏறக்குறைய 30 கி.மீ. முழுவதையும் கழிக்க வேண்டும். 2018 ஆகஸ்டில் கிளம்பிய பார்க்கர், வெள்ளிக் கோளை ஏழு முறை நெருங்கிக் கடந்து வேகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கழித்துத்தான் 2024 டிசம்பர் 24 அன்று சூரியப் பரப்பிலிருந்து 61 லட்சம் கி.மீ. தொலைவுக்குப் போக முடிந்தது. அருகே போனதும் கெப்ளர் சொன்னபடி அதன் வேகம் நொடிக்குச் சுமார் 192 கி.மீ. ஆனது.

பூமியின் பக்கவாட்டு ஓட்டம் ஒரு நாள் நின்றுவிட்டால், அது சூரியனில் போய் விழ 65 நாள் ஆகும். அந்த ஓட்டம் 460 கோடி ஆண்டுகளாக நிற்காததால்தான் கடல் உறையாமலும் கொதிக்காமலும் இருக்கிறது, உயிர் வளர்ந்திருக்கிறது.

இதைப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தரத் தொலைநோக்கி வேண்டாம். அடுத்த முறை ஆனி 32 என்று அச்சிட்ட தாளைக் கிழிக்கும் முன் அவர்களைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். இந்த மாதம் ஏன் இவ்வளவு நீளம் என்று கேளுங்கள். பதிலை அவர்களே தேடட்டும். ஈர்ப்பு விசையின் முதல் பாடம் அதுவாக இருக்கட்டும்.