பெயர் இல்லாத உயிர் கணக்கில் வராது

1980-களின் தொடக்கத்தில், விலங்கியல் படித்த நண்பர்களின் கல்விச் சுற்றுலாவில் பொருளியல் மாணவனான நானும் ஒட்டிக்கொண்டு, பாம்பனுக்கு அருகிலுள்ள குருசடைத் தீவுக்குச் சென்றேன். ஆழமற்ற நீரில் மணலை விலக்கி, மென்மையான மஞ்சள்நிறப் புழு ஒன்றைக் காட்டினார் அவர்களுடைய ஆசிரியர். 'இது நமக்குத் தூரத்து உறவு' என்றார். நாங்கள் சிரித்தோம்.

அவர் சொன்னது வேடிக்கையன்று. அதன் பெயர் டைக்கோடெரா ஃபிளேவா. 1825-இல் எஷ்ஷோல்ட்ஸ் சூட்டிய பெயர் அது. 'ஃபிளேவா' என்றால் இலத்தீனில் மஞ்சள். மீன்களின் செவுள் பிளவுகளைப் போன்ற பிளவுகள் இதற்கும் உண்டு. அதனால், 1880-களில் வில்லியம் பேட்சன் இவ்வகைப் புழுக்களை முதுகுநாணிகளோடு சேர்த்து 'அரைநாணிகள்' என்றார். அவர் முதுகுநாண் எனக் கருதிய உறுப்பு அதுவன்று என்று பின்னர் வந்தோர் வாதிட்டனர். இன்று அரைநாணிகள் தனித்தொகுதி. நட்சத்திரமீன்களுக்கு நெருங்கிய உறவு. ஆயினும் செவுள் பிளவு சார்ந்த மரபணுக்கள் நமக்கும் இவற்றுக்கும் பொதுவானவை என்பதை 2015-இல் வெளியான மரபணுத்தொகுதி ஆய்வு காட்டியது. வகைப்பாடு திருத்தப்பட்டது; உறவு நிலைத்தது.

கரையோரப் புழுவின் கதை இது. இதன் ஆழ்கடல் உறவினங்களோ நெடுங்காலம் பெயரின்றியே கிடந்தன. 1960-களிலேயே ஆழ்கடல் ஒளிப்படங்களில் அவை பதிவாயின. ஆனால், ஆராயத்தக்க உடல்மாதிரி கைக்குக் கிடைக்கவில்லை. டார்குவாரட்டோரிடே என்ற குடும்பம் 2005-இல்தான் நிறுவப்பட்டது. அதில் அட்லாண்டிக் கடலடியில் கிடைத்த ஓர் இனத்துக்கு 2012-இல் 'யோடா பர்ப்யூராட்டா' என்று பெயரிட்டனர். தலையின் இருபுறமும் நீண்ட அதன் உதடுகள், 'ஸ்டார் வார்ஸ்' திரைப்படத்தில் வரும் யோடாவின் காதுகளை நினைவூட்டினவாம்.

பெயரில் என்ன இருக்கிறது என்று கேட்கலாம். பொருளியல் கற்பித்தவன் என்ற முறையில் என் விடை இது: பேரேட்டில் தலைப்பு இல்லாத இனத்துக்கு இழப்புக் கணக்கு எழுத இயலாது. ஓர் உயிரினம் அழிகிறது என்று சொல்வதற்கும், அதைச் சட்டத்தின் பாதுகாப்புப் பட்டியலில் சேர்ப்பதற்கும் முதலில் அதற்கொரு பெயர் வேண்டும்.

இந்தியா 2021-இல் 4,077 கோடி ரூபாய் மதிப்பீட்டில் ஆழ்கடல் இயக்கத்துக்கு ஒப்புதல் அளித்தது. மத்திய இந்தியப் பெருங்கடலில் 75,000 சதுர கிலோமீட்டர் பரப்பில் உலோக முடிச்சுகளை ஆராயும் உரிமையும் நம்மிடம் உள்ளது. பசிபிக்கில் இத்தகைய முடிச்சுகள் நிறைந்த கிளாரியன்-கிளிப்பர்டன் பகுதியில் வாழும் இனங்களில் ஏறத்தாழ 90 விழுக்காடு இன்னும் பெயர் பெறவில்லை என 2023-இல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது.

ஆழ்கடல் இயக்கத்தின் நோக்கங்களில் உயிரின ஆய்வும் ஒன்று என்பது ஆறுதல். ஆனால், கப்பலும் கருவியும் மாதிரியைக் கொண்டுவரலாம். அது எந்த இனம் என்று சொல்ல, பல்லாண்டு பயின்ற கண்கள் வேண்டும். மண்டபம், பரங்கிப்பேட்டை போன்ற கடலாய்வு மையங்களைக் கொண்ட தமிழகம், வகைப்பாட்டியல் கற்கும் இளைஞர்களுக்கு உதவித்தொகையும் நிலையான பணியும் தர வேண்டும். தோண்டும் இயந்திரம் இறங்குமுன் பெயர்ப்பட்டியல் எழுதப்பட்டாக வேண்டும். பிறகு எழுதினால் அது இரங்கல் குறிப்பாகவே இருக்கும்.