பேசினால் எழுதும் வசதி: மைக் அனுமதி கொடுப்பது எப்படி?

பூச்சி தாக்கிய இலையைப் படம் எடுத்து அனுப்பும் விவசாயிகள் பலர், பயிரின் வயது, அடித்த மருந்து, அளவு ஆகியவற்றை எழுதுவதில்லை. தட்டச்சு செய்வது சிரமம் என்கிறார்கள். அந்த விவரம் இல்லாமல் சரியான பரிந்துரை தர இயலாது. ஜிபோர்டு விசைப்பலகையில் தமிழைச் சேர்த்துவிட்டால், நீங்கள் பேசுவதை அதுவே எழுதித் தரும்.

அனுமதி தரும் முறை

மைக் படத்தை முதன்முறை தொட்டதும் செல்போன் அனுமதி கேட்கும். 'பயன்படுத்தும்போது மட்டும்' என்பதைத் தேர்வு செய்யுங்கள். ஆண்ட்ராய்டு 11 முதல், இரண்டு முறை மறுத்துவிட்டால் மீண்டும் கேட்காது. அப்போது செட்டிங்ஸில் ஆப்ஸ், ஜிபோர்டு, பெர்மிஷன்ஸ், மைக்ரோபோன் என்று வரிசையாகச் சென்று அனுமதியுங்கள். ஆண்ட்ராய்டு 12 முதல், மைக் இயங்கும்போது திரையின் மேல் மூலையில் பச்சை அடையாளம் தெரியும். நீங்கள் பேசாதபோதும் அது தெரிந்தால், எந்தச் செயலி மைக்கைப் பயன்படுத்துகிறது என்று பாருங்கள்.

கவனிக்க வேண்டியவை

பேச்சை எழுத்தாக்க மைக் அனுமதி போதும். குறுஞ்செய்தியைப் படிக்கவும் அனுமதி கேட்கும் செயலிக்குக் கொடுக்காதீர்கள். வங்கியின் ஓடிபி வெளியே போய்விடும். வாட்ஸ்அப்பில் வரும் ஏபிகே கோப்புகளை நிறுவ வேண்டாம். பணம் பறிபோனால் உடனே 1930 எண்ணை அழையுங்கள்.

அனுப்பும் முன் எண்களைச் சரிபாருங்கள். லிட்டருக்கு 3 மில்லி என்றது 30 மில்லி என்று பதிவாகியிருந்தால், அதை நம்பி மருந்தடிக்கும் பக்கத்துத் தோட்டக்காரரின் பயிர் கருகிவிடலாம்.