உங்களுக்குத் தெரியுமா? ஊட்டியில் ஜனவரிப் பகலை விட ஜூலைப் பகல்தான் குளிர்!

கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊட்டியில் ஜனவரி மாதப் பகல் வெப்பம் சராசரியாக 20 டிகிரி செல்சியஸை ஒட்டியிருக்கும். ஜூலையிலோ 17 டிகிரியைத் தொடுவதே பாடு. தென்மேற்குப் பருவமழை மேகம் வெயிலை மறைத்துவிடுவதுதான் காரணம். அதே மேகம் இரவில் போர்வையாகி, தரையின் சூட்டை வெளியே விடாமல் காக்கிறது.

ஜனவரி இரவுக்கு அந்தப் போர்வை இல்லை. காற்று அடங்கி வானம் தெளிந்திருந்தால் தரை மளமளவென்று குளிர்ந்துவிடும். குளிர்காற்று கனமானது, சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தேங்கும். அதனால்தான் தலைக்குந்தா போன்ற தாழ்வான இடங்களில் புல்வெளி விடிகாலையில் உறைபனியால் வெளுத்துக் கிடக்க, மேலே மேட்டில் இருக்கும் வீட்டு வாசலில் வெறும் ஈரம் மட்டுமே இருக்கும்!

உறைபனி பட்ட தேயிலைக் கொழுந்து, வெயில் ஏறியதும் தீயில் வாட்டியதுபோல் கருகிவிடும். அதற்குப் பயந்தே இளஞ்செடிகளைத் தாகை, மிலார் தழைகளால் மூடுகிறார்கள். காய்கறித் தோட்டங்களில் பொழுது விடியும் முன்பே ஸ்பிரிங்ளர் சுழலத் தொடங்குகிறது. அந்தத் தண்ணீரில் பனி உருகி வடிந்த பிறகு வெயில் பட்டால் இலை தப்பித்துக்கொள்ளும். அந்தக் குளிரில் எழுந்து போய் மோட்டார் போடுவது லேசான வேலை இல்லை.